நீர்வழியில் தங்கிய காற்று

நீரால் குளிர்விக்கப்படும் ஓர் எஞ்சினில் நீர் நிரப்புவது என்பது, அதனுள் முன்பே குடியிருக்கும் காற்றை வெளியேற்றும் வேலையே ஆகும். சிலிண்டர்களைச் சுற்றி வார்ப்பிரும்புக்குள்ளோ அலுமினியத்துக்குள்ளோ அமைந்திருக்கும் நீர்ச்சட்டை எனப்படும் இடைவெளிகளும், அவற்றுக்கு மேலே சிலிண்டர் ஹெட்டுக்குள் செல்லும் குறுகிய வழிகளும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும், இவற்றை இணைக்கும் வளைந்த ஹோஸ்களும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. ஆகவே, ஊற்றுவாயின் விளிம்பு வரை நீர் நின்றாலும், எங்கோ ஒரு வளைவின் உச்சியில் ஒரு கைப்பிடி காற்று வெளியேற வழியின்றித் தங்கிவிடுவது இயல்பு. வானூர்திக்கென வடிவமைக்கப்பட்ட எஞ்சினை டாங்கியிலோ படகிலோ பொருத்தும்போது இந்தச் சிக்கல் பன்மடங்காகிறது. ஏனெனில் வானூர்தியில் எந்த இடம் உச்சியாக இருந்ததோ, அந்த இடம் புதிய வண்டியில் உச்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வானூர்தி எஞ்சின்களின் இருவகைக் குளிர்விப்பும் ஒரே நகரைச் சுற்றிச் சில வாரங்களுக்குள் சந்தித்துக்கொண்ட இடம் ரங்கூன், அதாவது இன்றைய யாங்கோன். 1941 டிசம்பரிலும் அதை அடுத்த மாதங்களிலும் நகருக்கு வடக்கே உள்ள மிங்கலடோன் விமானத்தளத்திலிருந்து எழுந்த டோமஹாக் போர் விமானங்களில் அலிசன் வி-1710 எஞ்சினும், 1942 ஜனவரியில் வந்து சேர்ந்த ஹரிக்கேன்களில் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினும் இருந்தன. இரண்டும் திரவத்தால் குளிர்விக்கப்படும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்கள். அதே தளத்தில் நின்ற பஃபலோ விமானங்களிலோ, சிலிண்டர்கள் நட்சத்திரக் கதிர்கள்போல் சுற்றிலும் விரிந்து காற்றாலேயே குளிரும் ரேடியல் எஞ்சின் இருந்தது. 1942 பிப்ரவரி 21 அன்று ரங்கூன் துறைமுகத்தில் இறங்கிய பிரிட்டனின் ஏழாவது கவசப் படைப்பிரிவின் ஸ்டூவர்ட் இலகு டாங்கிகளையும் இயக்கியது, வானூர்திக்காகப் பிறந்து டாங்கிக்குள் குடிபுகுந்த கான்டினென்டல் ரேடியல் எஞ்சின்தான். பகோ ஆற்றின் மறுகரையில், அன்று சிரியம் என வழங்கிய தன்லியினில், தமிழரும் தெலுங்கரும் உள்ளிட்ட இந்தியத் தொழிலாளர்களின் உழைப்பில் இயங்கிய பர்மா ஆயில் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை, ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக 1942 மார்ச் 7 அன்று பிரிட்டிஷாராலேயே தகர்க்கப்பட்டது. மறுநாள் நகரம் வீழ்ந்தது. போருக்குப் பின் விடுதலை பெற்ற பர்மா, அதாவது இன்றைய மியன்மார், 1950களில் பிரிட்டனிடமிருந்து காமெட் டாங்கிகளை வாங்கியது. அவற்றின் வயிற்றில் இருந்தது மீட்டியர் எஞ்சின். ஹரிக்கேனை இயக்கிய அதே மெர்லின், தரைக்கு இறங்கி வந்த வடிவம் அது.

ரேடியல் எஞ்சினுக்கு நீரும் இல்லை, நீரில் சிக்கும் காற்றும் இல்லை. ஒவ்வொரு சிலிண்டரின் வெளிப்புறத்திலும் உள்ள மெல்லிய உலோகத் தகடுகள் வெப்பத்தை நேரடியாகக் காற்றுக்குக் கொடுத்துவிடுவதால், ரேடியேட்டரில் ஒரு துளை விழுந்தாலே சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடும் ஆபத்தும் அதற்கு இல்லை. ஆனால் அதன் வட்ட வடிவம் பெரிய இடத்தைக் கேட்கிறது. ஸ்டூவர்ட் டாங்கியின் உடல் அத்தனை உயரமாக இருந்ததற்கு அந்த வட்டமே முக்கியக் காரணம். அதற்கு மாறாக, ஆங்கில வி எழுத்தின் வடிவில் இரண்டு வரிசையாகச் சிலிண்டர்களை அடுக்கும் எஞ்சின் ஒடுங்கியும் தாழ்ந்தும் இருக்கும். அந்த ஒடுக்கத்துக்கு அது கொடுக்கும் விலை, எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒரு திரவத்தின் தோளில் ஏற்றி வெளியே அனுப்ப வேண்டியிருப்பது.

அந்தத் திரவத்தின் இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சில எண்களே சொல்லிவிடும். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர ஏறத்தாழ 4180 ஜூல் வெப்பம் தேவை. ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். அதாவது, ஒரே இடத்தை அடைத்துக்கொள்ளும் நீர் சுமக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூவாயிரத்தைந்நூறில் ஒரு பங்கை மட்டுமே காற்றால் சுமக்க முடியும். வெப்பத்தைத் தன் ஊடாகக் கடத்துவதிலும் நீரைவிடக் காற்று இருபது மடங்குக்கும் மேல் மந்தமானது. ஆகவே சிலிண்டர் ஹெட்டில், வெளியேற்று வால்வுக்கு அருகே, ஒரு காற்றுக் குமிழ் தங்கினால், அந்த இடத்து உலோகத்துக்கு வெப்பத்தை ஒப்படைக்க ஆளில்லாமல் போகிறது. உலோகம் சூடேறுகிறது, குமிழின் ஓரத்தைத் தொடும் நீர் கொதித்து ஆவியாகிறது, சாதாரண அழுத்தத்தில் நீர் ஆவியாகும்போது அதன் பருமன் 1600 மடங்குக்கு மேல் பெருகுவதால், சிறு குமிழ் பெருங்குமிழாகித் தன்னைச் சுற்றியுள்ள நீரையும் தள்ளிவிட்டு மேலும் இடம் பிடிக்கிறது. எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்க, ஒரு மூலையில் மட்டும் உலோகம் வளைந்து, கேஸ்கட் கருகி, வெடிப்பு விழுவது இவ்வாறுதான்.

இதனினும் கொடியது, வெப்பமானி காட்டும் பொய். வெப்பநிலையை அளக்கும் உணரி ஓடும் நீரில் நனைந்திருந்தால் மட்டுமே உண்மையைச் சொல்லும். அது காற்றுக் குமிழுக்குள் தனித்து நின்றால், அருகில் உலோகம் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும்போதும் முள் இயல்பான இடத்திலேயே நிற்கக்கூடும். முள் ஏறவில்லை என்று நிம்மதி கொள்ளும் ஓட்டுநர், ஏறாத முள்ளே எச்சரிக்கையாக இருக்கலாம் என்பதை அறிந்திருப்பது அரிது.

காற்று பம்பையும் முடக்கும். எஞ்சின்களில் பயன்படுவது மையவிலக்குப் பம்ப்; அதாவது, சுழலும் இறக்கைகள் திரவத்தை வெளிவிளிம்பை நோக்கி வீசியெறிவதால் அழுத்தம் உண்டாகும் வகை. வீசப்படும் பொருள் எவ்வளவு கனமோ அவ்வளவு அழுத்தம் கிடைக்கும் என்பதால், நீருக்குப் பதில் காற்று உள்ளே வந்துவிட்டால் அதே வேகத்தில் சுழன்றாலும் கிடைக்கும் அழுத்தம் எண்ணூறில் ஒரு பங்காகக் குறைந்து, ஓட்டமே நின்றுவிடுகிறது. காவிரிப் படுகையின் உழவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஃபுட் வால்வு கசிந்து உறிஞ்சுகுழாயில் நீர் இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே இரைச்சலிடுமே தவிர ஒரு சொட்டும் ஏறாது. வாய் வழியே நீர் ஊற்றிக் குழாயை நிறைத்த பிறகே அது இறைக்கத் தொடங்கும். கிணற்றடியில் பயிர் சற்று வாடும் அளவோடு முடியும் அந்தக் குறை, எஞ்சினில் உலோகத்தையே உருக்கிவிடும்.

காற்று எங்கிருந்து வருகிறது? நிரப்பும்போது சிக்கியது ஒரு பகுதி மட்டுமே. நீரிலேயே காற்று கரைந்திருக்கிறது: 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 18 மில்லிலிட்டர் காற்றைக் கரைத்து வைத்திருக்கும், 80 டிகிரிக்குச் சூடேறும்போது அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே வைத்துக்கொண்டு மீதியைக் குமிழ்களாக விட்டுவிடும். 60 லிட்டர் நீர் கொள்ளும் ஒரு பெரிய எஞ்சினில், முதல் முறை சூடாகும்போதே அரை லிட்டருக்கு மேல் காற்று எங்கிருந்தோ முளைத்ததுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவாக இருப்பதால், அங்கே கிளாம்ப் தளர்ந்த ஒரு ஹோஸ் நீரை வெளியே விடாமலேயே காற்றை உள்ளே இழுக்கலாம். சிலிண்டர் ஹெட் கேஸ்கட் பழுதானால், எரிந்த வாயுவே நீர்வழிக்குள் புகும். எத்தனை முறை காற்றை எடுத்தாலும் குமிழ்கள் தீராமல் வந்துகொண்டே இருக்குமானால், பழுது நிரப்பும் முறையில் இல்லை, கேஸ்கட்டில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

வானூர்தியில் இவற்றோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. 6000 மீட்டர் உயரத்தில் வளி அழுத்தம் தரையில் உள்ளதில் பாதிக்கும் கீழாக இறங்கிவிடுவதால், திறந்த பாத்திரத்து நீர் அங்கே 80 டிகிரியிலேயே கொதித்துவிடும். 1930களின் தொடக்கத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் இந்தக் கொதிப்பைத் தடுக்க முயலாமல் அதையே பயன்படுத்தப் பார்த்தது. கோஸ்ஹாக் என்ற எஞ்சினில் நீர் வேண்டுமென்றே ஆவியாக விடப்பட்டு, இறக்கைகளில் பதித்த குளிர்கலன்களில் மீண்டும் நீராக்கப்பட்டது. 1934-ல் பறந்த சூப்பர்மரைன் வகை 224 விமானத்தில் இந்த ஏற்பாடு தோல்வியே கண்டது. குளிர்ந்து திரும்பிய நீர் கொதிநிலைக்கு மிக அருகிலேயே இருந்ததால், பம்பின் உறிஞ்சும் வாயில் அழுத்தம் சற்றுக் குறைந்தவுடன் மறுபடி ஆவியாகிப் பம்பைத் திணறவைத்தது. பிறகு வந்த தொடக்ககால மெர்லின்களில், 197 டிகிரியில்தான் கொதிக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம் தனியாகவே ஊற்றப்பட்டது. அது ஆவியாவதைத் தவிர்த்தது என்றாலும், நீர் சுமக்கும் வெப்பத்தில் பாதியைச் சற்றே தாண்டிய அளவைத்தான் சுமந்தது, சிறு இடுக்கிலும் கசிந்தது, தீப்பிடிக்கவும் கூடியது. இறுதியில், 70 பங்கு நீருடன் 30 பங்கு கிளைக்கால் கலந்து, அமைப்பு முழுவதையும் மூடி அழுத்தத்தில் வைக்கும் முறை நிலைபெற்றது. வெளியழுத்தத்துக்கு மேல் ஒரு பார் அழுத்தம் கொடுத்தாலே நீரின் கொதிநிலை 120 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. இன்றைய காரின் ரேடியேட்டர் மூடியில் உள்ள ஸ்பிரிங் செய்வதும் இதே வேலைதான்.

ஸ்பிட்ஃபயர் விமானத்தில் இந்தத் திரவத்தின் மேல்தொட்டி, அதாவது ஹெடர் டேங்க், எஞ்சினின் முன்முனையில், சுழல்விசிறிக்குப் பின்னால் குதிரைலாட வடிவில் அமைக்கப்பட்டிருந்தது. வால் சக்கரம் கொண்ட விமானம் தரையில் நிற்கும்போது மூக்கை மேலே தூக்கியே நிற்கும், மேலேறும்போதும் அவ்வாறே. இரு நிலைகளிலும் முன்முனையே உச்சி என்பதால், பம்பு கீழிருந்து இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் அனுப்பும் திரவம் ஹெட்கள் வழியே மேலேறி இத்தொட்டியை அடைகிறது. கூடவே வரும் குமிழ்களும் தாமாகவே அங்கே வந்து ஒதுங்கிக்கொள்கின்றன. குமிழ் மேல்நோக்கித்தான் செல்லும் என்ற ஒரே இயற்கை விதியை நம்பி அமைந்த எளிய, அழகான ஏற்பாடு இது.

டாங்கியில் அந்த நம்பிக்கை செல்லாது. முதல் உலகப் போர்க்காலத்து லிபர்ட்டி வானூர்தி எஞ்சினை வைத்து ஓடிய குரூசேடர் டாங்கிகள் பாலைவனத்தில் நீர்ப் பம்புக் கசிவாலும் குளிர்விப்புக் குறைகளாலும் தொல்லைப்பட்டதைக் கண்ட பிரிட்டன், 1941 அளவில் மெர்லினையே தரைக்குக் கொண்டுவர முனைந்தது. பெல்பர் என்ற ஊரில் டபிள்யூ. ஏ. ரோபாதம் தலைமையிலான ரோல்ஸ்-ராய்ஸ் குழு, மெர்லினின் மிகையழுத்திக் காற்றூட்டியை, அதாவது சூப்பர்சார்ஜரை, அகற்றி, சுழலும் திசையையும் மாற்றி, தரம் குறைந்த பெட்ரோலில் ஓடும்படி செய்து, ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் தந்த 27 லிட்டர் எஞ்சினை 600 குதிரைத்திறனில் நிதானமாக உழைக்கும் மீட்டியராக மாற்றியது. வானூர்திக்குத் தகுதியற்றது என ஒதுக்கப்பட்ட மெர்லின் உறுப்புகள்கூட அதில் பயன்பட்டன. குரோம்வெல், காமெட், செஞ்சூரியன் ஆகிய மூன்று டாங்கிகளும் மீட்டியரால் ஓடின. 1965-ல் அசல் உத்தரில் போரிட்ட இந்தியப் படையின் செஞ்சூரியன்களும் அதில் அடக்கம்.

திறனைக் குறைப்பதைவிட, சாய்வைச் சமாளிப்பதே இத்தகைய மாற்றத்தில் நுட்பமான வேலை. வி வடிவ எஞ்சின் சமதரையில் நிற்கும்போது, செங்குத்திலிருந்து இருபுறமும் 30 டிகிரி சாய்ந்திருக்கும் ஒவ்வொரு வரிசையிலும், நீர்ச்சட்டையின் உச்சி வி-யின் உட்பக்க ஓரத்தில் அமைகிறது. டாங்கி ஒரு கரையில் பக்கவாட்டில் 30 டிகிரி சாய்ந்தால், ஒரு வரிசை நிமிர்ந்தும் மற்றது 60 டிகிரி படுத்தும் நிற்கும். உச்சி இடம் மாறிவிடும். வண்டி பள்ளத்தில் இறங்கினால் எஞ்சினின் பின்முனையும், மேடேறினால் முன்முனையும் உச்சியாகும். இதற்கு விடை, ஒரே உச்சியை நம்பாமல், குமிழ் தங்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலிருந்தும் மெல்லிய காற்றுக் குழாயை மேல்தொட்டிக்கு இழுத்துச்செல்வதும், அக்குழாய் வழியில் எங்கும் தாழ்ந்து மறுபடி உயராமல் தொடர்ந்து ஏறும்படி பார்த்துக்கொள்வதும் ஆகும். நடுவில் ஒரு தொய்வு இருந்தால் அங்கே நீர் தேங்கி, காற்றின் வழியை நீரே அடைத்துவிடும். இன்று சிறு வானூர்திகளிலும் இதே கவனம் தேவைப்படுகிறது. பெங்களூருவின் தேசிய வான்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா-3 பயிற்சி விமானத்தின் ரோட்டாக்ஸ் 914 எஞ்சினில், சிலிண்டர்கள் காற்றாலும் ஹெட்கள் மட்டும் திரவத்தாலும் குளிர்கின்றன. அதன் விரிவுத்தொட்டி சுற்றுவழியின் மிக உயர்ந்த இடத்தில் இருந்தாக வேண்டும் என்பது கண்டிப்பான விதி.

இத்தனை சிக்கலும் மூடிய சுற்றுவழியால் வருபவை என்பதற்குத் தன்லியின் பக்கத்து வயல்களே சான்று. மியன்மார் கிராமங்களில் உழவுக்கும், தோலாஜி எனப்படும் இழுவண்டிகளுக்கும் பயன்படும் சீனத் தயாரிப்பு ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் ரேடியேட்டரும் இல்லை, நீர்ப் பம்பும் இல்லை. சிலிண்டரின் மேல் திறந்த தொட்டி ஒன்றில் நீர் நிற்கும். சூடேறியதும் கொதித்து ஆவியாகி வெப்பத்தை எடுத்துச்செல்லும். ஆவியும் காற்றும் நேரே மேலே போய்விடும். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது 2257 ஜூல் வெப்பத்தை விழுங்கிவிடுவதால், அவ்வப்போது நீர் ஊற்றினால் போதும். கோஸ்ஹாக்கால் வானத்தில் இயலாததை இந்த எளிய எஞ்சின் தரையில் நாள்தோறும் செய்துகாட்டுகிறது. அறுநூறு குதிரைத்திறனுக்கு இந்த வழி போதாது என்பது வேறு.

மூடிய அமைப்பில் காற்றை அகற்றும் வேலையைத் தமிழ்நாட்டுப் பட்டறைகள் "ஏர் எடுப்பது" என்கின்றன. சிக்கிய காற்று "ஏர் லாக்". அதன் முதல் விதி, ஊற்றுவாயையே அமைப்பின் மிக உயர்ந்த இடமாக்குவது. அதற்காக வண்டியின் முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி வைப்பதோ, ஊற்றுவாயில் உயரமான புனல் பொருத்துவதோ வழக்கம். அடுத்து, வழிகளைத் திறப்பது: தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும் வால்வு, குளிர்ந்த நிலையில் மூடியே இருக்கும் என்பதால், அதன் பின்னால் காற்று சிறைப்பட்டுவிடும். பல தெர்மோஸ்டாட்களின் தட்டில் காணப்படும் சிறு துளை இந்தக் காற்றுக்காகவே இடப்பட்டது. பொருத்தும்போது அத்துளை மேற்புறமாக இருக்க வேண்டும் என்பதை மறந்தால், அது இருந்தும் பயனில்லை. உயர்ந்த இடங்களில் உள்ள காற்றுத் திருகுகளைத் தளர்த்திவிட்டு, திரவத்தை மெல்ல ஊற்ற வேண்டும். அவசரமாக ஊற்றினால், இறங்கும் நீரும் ஏறும் காற்றும் ஒரே குழாயில் மோதிக்கொண்டு, நுரையாகி, காற்று பொடிக்குமிழ்களாகச் சிதறி எங்கும் ஒட்டிக்கொள்ளும். தாழ்ந்த திருகிலிருந்து தொடங்கி, குமிழற்ற திரவம் இடையறாமல் வழியும் போது ஒவ்வொன்றாக முறுக்கி மூடுவதே முறை. இடையிடையே ஹோஸ்களைக் கையால் அழுத்தி விடுவது, வளைவுகளில் ஒட்டிய குமிழ்களை நகர்த்தும்.

அதன் பின் எஞ்சினை மிதமான வேகத்தில் ஓட்டித் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். அது திறந்ததும் ஊற்றுவாயில் நீர்மட்டம் சட்டென்று இறங்கும். அத்தனை நேரம் அடைபட்டிருந்த காற்று வெளியேறி, அதன் இடத்தை நீர் பிடித்ததன் அடையாளம் அது. சில பட்டறைகள் இதற்கு மாற்றாக, வெற்றிடப் பம்பால் அமைப்பிலுள்ள காற்றை முதலிலேயே உறிஞ்சியெடுத்து, பிறகு வால்வைத் திறந்து திரவத்தைத் தானாக உள்ளே பாயவிடுகின்றன. வெற்றிடம் சில நிமிடங்கள் குறையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதன் மூலம் கசிவும் அப்போதே தெரிந்துவிடுவதால், காற்று ஒளிந்துகொள்ள மூலைகள் மிகுந்த பழைய பெரிய எஞ்சின்களுக்கு இதுவே சிறந்த முறை.

ஒரே தடவையில் வேலை முடிந்ததாகக் கருதுவது பிழை. கரைந்திருந்த காற்று சூட்டில் பிரிந்து மேல்தொட்டியில் சேர்ந்திருக்கும் என்பதால், எஞ்சின் முழுவதும் குளிர்ந்த பிறகு மட்டத்தைப் பார்த்து, குறைந்ததை ஊற்றி, மறுபடி ஓட்டிக் குளிரவிட்டு, அடுத்த முறையும் மட்டம் அதே கோட்டில் நிற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். சூடான எஞ்சினின் மூடியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்கக் கூடாது: உள்ளே 110 டிகிரியில் அழுத்தத்தால் அடங்கியிருக்கும் நீர், மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாகிச் சீறி, முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும்.